கலினின்கிராத் மாகாணத்தின் நகரங்களும் ஆட்சிப் பிரிவுகளும்

கலினின்கிராத் மாகாணம் உருசியக் கூட்டமைப்பின் மேற்குக் கோடியில், பால்டிக் கடலோரம் அமைந்துள்ள நிலப்பகுதியாகும். உருசியாவின் பிற பகுதிகளோடு இதற்கு நிலத்தொடர்பு கிடையாது. வடக்கிலும் கிழக்கிலும் லித்துவேனியா, தெற்கில் போலந்து, மேற்கில் கடல். பரப்பளவு ஏறத்தாழ 15,100 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 10 இலட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறது. இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தலைநகரான கலினின்கிராத்தில் வாழ்கின்றனர்.

மாகாணத்தில் 22 நகரங்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இவற்றுள் ஒன்றுகூட இன்றைய பெயரில் இருக்கவில்லை. ஊர்ப்பெயர், மாவட்ட எல்லை, குடிமக்கள் ஆகிய மூன்றும் மூன்றே ஆண்டுகளுக்குள் ஒருசேர மாற்றப்பட்ட நிலப்பகுதிகள் ஐரோப்பாவில் மிகச் சிலவே. ஆகவே இம்மாகாணத்தின் ஆட்சிப் பிரிவுகளை அறிவதற்கு இன்றைய நிலப்படம் மட்டும் போதாது. அந்தப் படம் எப்படி வரையப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய பெயர்கள்

இந்நிலத்தின் தொல்குடிகள் பழம்புருசியர். இவர்கள் செருமானியரும் அல்லர், சிலாவியரும் அல்லர். லித்துவேனியருக்கும் லாத்வியருக்கும் நெருங்கிய உறவுடைய பால்டிக் இனத்தவர். 13ஆம் நூற்றாண்டில் டியூட்டானிய வீரத்துறவியர் சபை இவர்களை வென்று கோட்டைகளை எழுப்பியது. 1255 இல் பிரெகெல் ஆற்றங்கரையில் கட்டிய கோட்டைக்கு, படையெடுப்பில் உதவிய பொகேமிய மன்னர் இரண்டாம் ஒட்டோகரைச் சிறப்பித்து கோனிக்ஸ்பெர்க், அதாவது 'மன்னர் மலை', எனப் பெயரிட்டனர். கோட்டையைச் சுற்றி வளர்ந்த மூன்று தனி நகரங்கள் 1724 இல் ஒரே நகரமாக இணைக்கப்பட்டன. மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் பிறந்ததும் அதே ஆண்டில், அதே நகரில்தான். இந்நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து சுற்றிவர முடியுமா என்ற புதிரை எடுத்துக்கொண்டு கணிதவியலாளர் ஆய்லர் எழுதிய ஆய்வு, கோட்டுருவியல் என்னும் கணிதத் துறைக்குத் தொடக்கமாக அமைந்தது.

பழம்புருசிய மொழி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழிந்தது. ஆயினும் ஊர்ப்பெயர்களில் அது தங்கிவிட்டது. கிழக்குப் பகுதியில் லித்துவேனிய மொழி பேசும் உழவர்கள் குடியேறியிருந்தமையால் அங்கே லித்துவேனியச் சாயல் மிகுதி. லித்துவேனிய மொழியில் அச்சான முதல் நூல் 1547 இல் வெளிவந்தது இதே கோனிக்ஸ்பெர்க்கில்தான். அதை எழுதிய மார்தீனஸ் மாஷ்வீதஸ், இன்று நேமன் எனப்படும் ராக்னித் ஊரில் மதகுருவாகப் பணியாற்றியவர். '-கேமன்' என முடியும் ஊர்ப்பெயர்களில் இருப்பது சிற்றூரைக் குறிக்கும் லித்துவேனியச் சொல். '-கல்லன்' என முடிந்தால் அது குன்று. ஆட்சி செருமானியருடையது, ஆனால் அவர்கள் எழுதிய முகவரிகளில் பாதி வேறு மொழியில் இருந்தது. பல நூற்றாண்டுகளாக இது எவருக்கும் உறுத்தவில்லை.

1938: முதல் அழிப்பு

பெயர்களை அழிக்கும் வேலையைத் தொடங்கியது சோவியத் ஆட்சி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அது சரியன்று. கிழக்குப் புருசியாவின் நாட்சிக் கட்சித் தலைவர் எரிக் கோக்கின் ஆட்சியில், 1938 சூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் பெயர்கள் 'செருமானியத் தன்மை அற்றவை' எனக் கூறி மாற்றப்பட்டன. பில்கல்லன் என்றால் லித்துவேனிய மொழியில் கோட்டைக்குன்று. அதை அப்படியே மொழிபெயர்த்து ஷ்லோஸ்பெர்க் ஆக்கினர். ஸ்டாலுப்பேனன் ஏபன்ரோடெ ஆயிற்று. லாஸ்டேனன் ஹாசல்பெர்க் ஆயிற்று.

டார்கேமன் நகரின் கதை வேடிக்கையானது. லித்துவேனிய வாடை வீசுகிறது என்று அப்பெயரை நீக்கிவிட்டு, அவ்வழியே ஓடும் ஆற்றின் பெயரால் அங்கரப் என்று வைத்தனர். அங்கரப் என்பதோ 'விலாங்குமீன் ஆறு' எனப் பொருள்படும் பழைய பால்டிக் சொல். தூய்மைப்படுத்தப் புறப்பட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை போலும். அப்பெயரும் எட்டாண்டுகளே நிலைத்தது. இன்று அந்நகரம் ஓசியோர்ஸ்க், அதாவது 'ஏரிநகர்'.

1946 இன் ஆணைகள்

1944 ஆகத்து இறுதியில் பிரித்தானிய வான்படை இருமுறை குண்டு வீசியதில் கோனிக்ஸ்பெர்க்கின் பழைய நகர்ப்பகுதி எரிந்து போயிற்று. 1945 ஏப்ரல் 9 அன்று நகரம் செஞ்சேனையிடம் சரணடைந்தது. அவ்வாண்டு சூலை, ஆகத்து மாதங்களில் நடந்த போட்சுடாம் மாநாட்டில் கிழக்குப் புருசியாவின் வடபகுதியைச் சோவியத் ஒன்றியத்துக்குத் தருவதென வெற்றி பெற்ற நாடுகள் ஒப்புக்கொண்டன. தென்பகுதி போலந்துக்குச் சென்றது. வடகோடியிலிருந்த மேமல் என்னும் கிளைப்பேதா பகுதி சோவியத் லித்துவேனியாவுடன் சேர்ந்தது.

எல்லைக்கோடு உடனே உறுதியாகிவிடவில்லை. கெர்டாவன், புருசிய ஐலாவ் ஆகிய ஊர்களில் 1945 இல் போலந்து அதிகாரிகள் வந்து அலுவலகம் திறந்து பணியாற்றத் தொடங்கியிருந்தனர். ஆண்டு முடிவதற்குள் கோடு தெற்கே நகர்த்தப்பட்டதால் அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பழைய மாவட்டங்கள் சில இவ்வாறு நடுவில் வெட்டுண்டு, தலைமையூர் ஒரு நாட்டிலும் வயல்கள் மறு நாட்டிலுமாகப் பிரிந்தன.

1946 ஏப்ரல் 7 அன்று, சோவியத் ஒன்றிய உச்சப்பேரவையின் தலைமைக்குழு கோனிக்ஸ்பெர்க் மாகாணத்தை உருவாக்கி அதை உருசியக் குடியரசுடன் இணைத்தது. மாகாணத்தின் பெயரில் கோனிக்ஸ்பெர்க் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை பழைய பெயரை நீக்கும் முடிவு எட்டப்படவில்லை. சூன் 3 அன்று சோவியத் நாட்டின் பெயரளவுத் தலைவராக நெடுங்காலம் இருந்த மிகயீல் கலினின் மாசுகோவில் காலமானார். அவர் நினைவாகச் சூலை 4 அன்று நகரும் மாகாணமும் கலினின்கிராத் ஆயின. கலினினுக்கும் இவ்வூருக்கும் வேறு தொடர்பு எதுவும் இல்லை. அவர் வேறொரு மாதத்தில் இறந்திருந்தால் நகரின் பெயரும் வேறாக இருந்திருக்கக்கூடும்.

அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று வெளியான ஆணை மாகாணத்தின் மாவட்டங்களை வகுத்து, முதன்மையான நகரங்களுக்குப் புதிய பெயர்களை இட்டது. கடற்கரை ஊர்கள் சிலவற்றுக்கும் பெரும்பாலான சிற்றூர்களுக்கும் 1947 இலும் அதற்குப் பின்னரும் பெயர்கள் இடப்பட்டன.

வந்தவரும் சென்றவரும்

பெயர் மாறியபோது பழைய குடிமக்களில் எஞ்சியவர்கள் இன்னும் அங்கேயே இருந்தனர். பலர் போரின்போதே மேற்கே தப்பியோடியிருந்தனர். எஞ்சியவருள் பெருந்தொகையினர் 1945 முதல் 1947 வரையான குளிர்காலங்களில் பட்டினியாலும் நச்சுக்காய்ச்சலாலும் மடிந்தனர். 1947 அக்டோபரில் எடுத்த முடிவின்படி, உயிரோடிருந்த ஏறத்தாழ 1 இலட்சம் செருமானியர் 1948 இறுதிக்குள் தொடர்வண்டிகளில் செருமனிக்கு அனுப்பப்பட்டனர்.

குடியேற்றமும் ஆணையின்படியே நடந்தது. 1946 சூலையில் சோவியத் அமைச்சரவை எடுத்த முடிவின்படி, கூட்டுப்பண்ணை உழவர் குடும்பங்கள் 12,000 அவ்வாண்டின் ஆகத்து முதல் அக்டோபருக்குள் அனுப்பப்பட வேண்டும். பிரியான்ஸ்க், கூர்ஸ்க் போன்ற உருசிய மாகாணங்களிலிருந்தும் பெலருசிலிருந்தும் மக்கள் வந்தனர். போரில் வீடு எரிந்து மண்குழிகளில் வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு ஓட்டுக்கூரை போட்ட செங்கல் வீடும் ஒரு பசுவும் கிடைக்கும் என்பது பெரிய ஈர்ப்பு. ஓரிரு ஆண்டுகள் பழைய குடிகளும் புதிய குடிகளும் பல இடங்களில் ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். ஊரின் பழைய பெயரைச் சொல்லித் தர ஆள் இருந்த காலம் அதுவே. அவர்கள் போனபின் வயலுக்கும் வாய்க்காலுக்கும் மேட்டுக்கும் இருந்த சிறு பெயர்கள் கேட்பாரற்றுப் போயின. வடிகால்கள் எங்கெங்கே புதைந்துள்ளன என்ற அறிவும் அவர்களோடு போயிற்று.

எது நகரமாயிற்று, எது சிற்றூராயிற்று

புதிய மாவட்டங்களின் தலைமையூர்கள் பழம்பெருமை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. எங்கே கூரையுள்ள கட்டடங்கள் மிஞ்சியிருந்தனவோ அங்கே அலுவலகம் அமைந்தது. மாகாண நிலப்படத்தின் புதிர்கள் பலவற்றுக்கு இதுவே விடை.

வேலாவ் பழைய மாவட்டத் தலைநகர். 1657 இல் போலந்து மன்னர் புருசியாவின் மீதான தம் மேலாட்சியை விட்டுக்கொடுத்த உடன்படிக்கை அங்குதான் கையெழுத்தானது. போரில் நகரம் சிதைந்தது. பக்கத்திலிருந்த தாப்பியாவ் பெரும் சேதமின்றித் தப்பியது. ஆகவே தாப்பியாவ் குவார்தெய்ஸ்க் என்ற பெயரில் மாவட்டத் தலைமையிடமாயிற்று. வேலாவ் ஸ்னாமென்ஸ்க் என்ற பெயரில் இன்று ஒரு சிற்றூர். கூரையற்ற பழைய தேவாலயம் நடுவில் நிற்கிறது. பில்கல்லனுக்கும் இதே கதி. அது அழிந்ததால், அதுவரை நகரத் தகுதியே பெற்றிராத லாஸ்டேனன் கிராஸ்னோஸ்னாமென்ஸ்க் நகராக உயர்ந்து மாவட்டத்தை ஆண்டது. பில்கல்லன் தோப்ரோவோல்ஸ்க் என்னும் சிற்றூராகச் சுருங்கியது.

கெர்டாவன் சண்டையில் அதிகம் சேதமடையவில்லை. ஆனால் எல்லையோரத்தில் ஒதுங்கி நின்றதாலும் பின்னாளில் மாவட்டத் தலைமையிட நிலையை இழந்ததாலும் படிப்படியாகச் சரிந்தது. அதன் இன்றைய பெயர் ஷெலெஸ்னதரோஷ்னி, அதாவது 'இருப்புப்பாதையூர்'. அலுவலகம் போனால் கடை போகும். கடை போனால் பள்ளி போகும். ஆட்சிப் பிரிவு என்பது வெறும் தாளில் வரையும் கோடு அன்று என்பதற்குக் கெர்டாவனின் இடிந்த வீதிகள் சான்று.

மறுபுறம் பழைய ஆட்சியில் நகரமாக இல்லாத ஊர்கள் நகரங்களாயின. கிரான்ஸ், ராவ்ஷன் என்ற கடற்கரை ஓய்வூர்கள் செலெனோகிராத்ஸ்க், ஸ்வெத்லகோர்ஸ்க் எனப் பெயர்பெற்றன. தலைநகரை ஒட்டிய நொய்ஹாவ்சன் கூரியெவ்ஸ்க் ஆயிற்று. பில்லாவ் துறைமுகம் பால்தீஸ்க் என்ற பெயரில் பால்டிக் கடற்படையின் தளமாயிற்று. உருசியாவின் மேற்குக்கோடி நகரம் அதுவே.

புதிய பெயர்கள்

1946-47 இல் இடப்பட்ட பெயர்களில் படைவீரர் பெயர்கள் தனித்து நிற்கின்றன. இன்ஸ்டர்பர்க் நகருக்கு, 1945 பிப்ரவரியில் கிழக்குப் புருசியப் போர்முனையில் இறந்த படைத்தலைவர் இவான் செர்னியாகோவ்ஸ்கியின் பெயர் இடப்பட்டது. கும்பின்னன் நகருக்கு, அதன் அருகே வீழ்ந்த கேப்டன் செர்கேய் கூசெவின் பெயர். ஏபன்ரோடெவுக்குக் கர்னல் நெஸ்தெரொவ், நொய்ஹாவ்சனுக்கு மேஜர் ஜெனரல் கூரியெவ், லுட்விக்ஸ்ஓர்டுக்கு டாங்கிப் படை அதிகாரி லாதூஷ்கின். புருசிய ஐலாவ் மட்டும் பழைய போரை நினைவூட்டுகிறது. 1807 பிப்ரவரியில் அங்கே நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட தளபதி பக்ரத்தியோன் பெயரால் அது பக்ரத்தியோனோவ்ஸ்க் ஆயிற்று. இப்பெயர்களை எவர் விரும்பினாலும் வெறுத்தாலும், பெரும்பாலானவற்றுக்கு மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. அவ்வீரர்களுள் பலர் அங்கே குருதி சிந்தியவர்கள்.

மற்ற பெயர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சோவெத்ஸ்க் என்றால் 'சோவியத் நகர்', கிராஸ்னோஸ்னாமென்ஸ்க் 'செங்கொடி நகர்', ஸ்லாவ்ஸ்க் 'புகழூர்', பிராவ்தின்ஸ்க் 'உண்மையூர்', பிரிமோர்ஸ்க் 'கடலோரம்'. இவை எந்த ஊருக்கும் பொருந்துபவை. சோவெத்ஸ்க் என்ற நகரம் கீரொவ் மாகாணத்திலும் தூலா மாகாணத்திலும் உண்டு. ஓசியோர்ஸ்க் யூரல் மலைப்பகுதியிலும் உண்டு. ஸ்னாமென்ஸ்க் அஸ்திரகான் மாகாணத்திலும் உண்டு.

இழப்பு எங்கே அதிகம் என்றால் தில்சித்தில். 1807 சூனில் நேமன் ஆற்றின் நடுவே தெப்பம் கட்டி நெப்போலியனும் உருசியப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தரும் சந்தித்தது இவ்வூரில்தான். சூலையில் கையெழுத்தான தில்சித் உடன்படிக்கைகள் உலக வரலாற்றுப் பாடநூல்களில் இடம்பெற்றவை. ஊரின் பெயரில் ஒரு பாலாடைக்கட்டி உலகமெங்கும் விற்கப்படுகிறது. ஆனால் நிலப்படத்தில் தில்சித் இல்லை, சோவெத்ஸ்க் இருக்கிறது. புருசிய அரசி லூயிசாவின் பெயரால் 1907 இல் திறந்த பாலத்தின் அலங்கார வாயில் இன்றும் நின்று, லித்துவேனிய எல்லைக்குச் செல்பவர்களை வழியனுப்புகிறது.

சிற்றூர்களில் நிலைமை இன்னும் விசித்திரமானது. நெஸ்தெரொவ் பகுதியில் சீஸ்தியெ புருதி என்றொரு ஊர் உள்ளது. 'தெளிந்த குளங்கள்' எனப் பொருள்படும் இப்பெயரில் மாசுகோவில் ஒரு பேட்டை இருக்கிறது. ஊரின் பழைய பெயர் டோல்மிங்கேமன். லித்துவேனிய இலக்கியத்தின் முதல் பெருங்கவிஞரான கிறிஸ்தியோனஸ் தொனெலைதிஸ் (1714–1780) வாழ்நாளின் பெரும்பகுதி மதகுருவாக இருந்து பருவங்களைப் பற்றிய தம் காவியத்தை எழுதியது அங்கேதான். அவர் பணிபுரிந்த தேவாலயம் இன்று அருங்காட்சியகம். அருகிலேயே உலகப் புகழ்பெற்ற குதிரையினம் தோன்றிய டிராகேனன் உள்ளது. 1732 இல் அங்கு அரச குதிரைப் பண்ணை தொடங்கியது. இன்று அவ்வூரின் பெயர் யாஸ்னயா பொல்யானா. டால்ஸ்டாய் பிறந்த பண்ணையின் பெயரும் இதுவே என்பதால், எழுத்தாளரின் இல்லம் இங்கே இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அது தூலாவுக்கு அருகில் உள்ளது.

ஆறுகள் தப்பின

ஊர்களைப் புரட்டிப்போட்ட கை ஆறுகளின் மீது அவ்வளவு அழுத்தமாக விழவில்லை. பிரெகெல் பிரெகோலியா ஆயிற்று. டைமெ தெய்மா ஆயிற்று. இன்ஸ்டர் இன்ஸ்துருச் எனவும் அங்கரப் அங்கிராப்பா எனவும் ஒலி மட்டும் திரிந்தன. கூசெவ் வழியே ஓடும் பீஸா பெயர் மாறாமலே ஓடுகிறது. இன்ஸ்துருச்சும் அங்கிராப்பாவும் செர்னியாகோவ்ஸ்க் அருகே கலந்து பிரெகோலியாவாகின்றன. நேமன் ஆறு ராக்னித் நகருக்குத் தன் பெயரைக் கொடுத்தது. டியூட்டானியர் வருமுன் புருசியரும் லித்துவேனியரும் சொன்ன சொற்கள் இன்று உருசியச் சிறுவர்களின் வாயில் ஆற்றுப் பெயர்களாகவே புழங்குகின்றன.

இன்றைய ஆட்சிப் பிரிவுகள்

சோவியத் காலத்தில் மாகாணம் மாவட்டங்களாகவும், மாகாண அரசின் நேரடிப் பொறுப்பிலுள்ள நகரங்களாகவும் பிரிந்திருந்தது. 1946 இல் வகுத்த மாவட்டங்கள் சில பின்னர் அண்டை மாவட்டங்களோடு இணைக்கப்பட்டன. 2010களில் ஊராட்சி அடுக்கு படிப்படியாக ஒழிக்கப்பட்டு, மாவட்டம் முழுவதும் ஒரே உள்ளாட்சி அமைப்பாக மாறியது. காடும் வயலும் சிற்றூரும் நிறைந்த பரப்பை 'நகர வட்டாரம்' என அழைக்கும் வினோதம் இதனால் நேர்ந்தது. கூட்டாட்சிச் சட்டம் 2019 இல் 'நகராட்சி வட்டாரம்' என்ற புதிய வகையை அனுமதித்தபின் நாட்டுப்புறப் பகுதிகள் அவ்வகைக்கு மாறின. தற்போது இரு வகையும் சேர்த்து 22 வட்டாரங்கள் உள்ளன. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் லாதூஷ்கினும் மாமொனோவோவும் தனித்தனி வட்டாரங்கள். உலகில் தோண்டியெடுக்கப்படும் அம்பரில் மிகப் பெரும்பங்கைத் தரும் யந்தார்னியும் அவ்வாறே. யந்தார் என்றால் உருசிய மொழியில் அம்பர். இடத்துக்குப் பொருந்திய பெயர் என்று தயங்காமல் சொல்லக்கூடியவற்றுள் இது ஒன்று.

தலைநகரின் பெயர் பற்றிய சர்ச்சை

சோவியத் ஆட்சியின் இறுதியில் உருசிய நகரங்கள் பல பழைய பெயர்களுக்குத் திரும்பின. கலினினின் சொந்த மாகாணத் தலைநகர் அவர் பெயரை 1990 இல் களைந்து மீண்டும் திவேர் ஆயிற்று. லெனின்கிராத் 1991 இல் சென் பீட்டர்ஸ்பர்க் ஆயிற்று. மாசுகோ அருகே கலினின்கிராத் என்ற பெயரிலேயே இருந்த இன்னொரு நகரம் 1996 இல் விண்வெளிப் பொறியாளர் கொரொலியோவின் பெயரை ஏற்றது. பால்டிக் கரையில் மட்டும் அப்பெயர் நிலைத்தது. மற்ற நகரங்கள் திரும்பிச் செல்வதற்கு உருசியப் பெயர் இருந்தது. இங்கே திரும்பினால் கிடைப்பது செருமானியப் பெயர். அப்பெயரை ஏற்பது நிலத்தின் உரிமையையே கேள்விக்குள்ளாக்கும் என்ற அச்சம் அரசியல்வாதிகளிடம் உண்டு. இளைஞர்களோ பேச்சு வழக்கில் நகரை 'கோனிக்' என்று சுருக்கமாக அழைக்கின்றனர். பல்கலைக்கழகம் 2005 முதல் கான்ட்டின் பெயரைத் தாங்குகிறது. செர்னியாகோவ்ஸ்க் நகரின் சின்னத்தில் பழைய இன்ஸ்டர்பர்க்கின் கரடி மீண்டும் நிற்கிறது.

2004 மே 1 அன்று போலந்தும் லித்துவேனியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததிலிருந்து மாகாணம் ஒன்றியத்தின் எல்லைகளுக்குள் சூழப்பட்டுள்ளது. 2023 மே மாதத்தில் போலந்தின் இடப்பெயர் ஆணையம், போலந்து மொழியில் நகரை இனிக் கிருலேவியெத்ஸ் என்றே குறிப்பிட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1940 இல் போலந்து அதிகாரிகளும் கைதிகளும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட கத்தீன் படுகொலைக்கான முடிவுக்கு ஒப்புதல் தந்தோரில் கலினினும் ஒருவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. உருசிய அரசு இதைப் பகைமைச் செயல் என்று கண்டித்தது. லித்துவேனியர் நெடுங்காலமாகவே தம் மொழியில் கரலியாவ்சியுஸ் என்று வழங்கி வருகின்றனர். கிருலேவியெத்ஸ், கரலியாவ்சியுஸ், கோனிக்ஸ்பெர்க் ஆகிய மூன்று பெயர்களிலும் இருப்பது அதே மன்னர்தான்.